ரெண்டு நாட்டுக்கும் ரஜ்ஜு தட்டுது

எந்த நாட்டுல குண்டு விழுந்தாலும் எங்க வீட்டுல காபி ஆறிப்போயிரும். காலையில டம்ளரைக் கொண்டுபோய் எங்க வீட்டுக்காரர் முன்னால வைப்பேன். அவிய செல்போனை மூக்குக்கு நேரா பிடிச்சுக்கிட்டு, "ஏட்டி, சனி நகந்துட்டான்" அப்படிம்பாக. எங்க இருந்து எங்க நகந்தான்னு நான் கேக்குறதில்ல. கேட்டா அரை மணி நேரம் போச்சு. பால்காரர் வந்தா அவருக்கும் சொல்லணும், பக்கத்து வீட்டு வாத்தியார் பேப்பர் வாங்க வந்தா அவருக்கும் சொல்லணும். சனி எம்புட்டோ தடவை நகந்தாச்சு, எங்க ராஜபாளையத்துல தெருக்குழாய்ல தண்ணி என்னைக்கு வரும்னு மட்டும் யாரும் கணிச்சுச் சொன்னதில்ல.

இதுக்கெல்லாம் மூலகாரணம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கிற ஒரு ஜோசியர். கல்யாணப் பொருத்தம் பாக்குறதுல சுத்துப்பட்டுல பேர்போனவர். எங்க மகளுக்கு ஜாதகம் எழுதுனதும் அவர்தான். வருசக்கணக்கா மாப்பிள்ளை ஜாதகமும் பொண்ணு ஜாதகமும் பாத்துக்கிட்டு, தான் உண்டு தன் வேலை உண்டுன்னு இருந்த மனுசன், திடீர்னு ஒரு நாள் செல்போனை ஸ்டாண்டுல மாட்டி முன்னால உக்காந்து பேச ஆரம்பிச்சாரு. மொதல்ல ராசிபலன் சொன்னாரு. அது எடுபடல, ராசிபலன் சொல்ல தெருவுக்குத் தெரு ஆள் இருக்கு. பொறவு உலகத்துல அங்கங்க சண்டை மூண்டதும் அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாரு. அன்னையிலருந்து மனுசனுக்கு ஏறுமுகம்தான்.

அவருக்குக் கைவந்த வேலை பொருத்தம் பாக்குறது. அதனால நாட்டுக்கும் நாட்டுக்கும் பொருத்தம் பாத்தாரு. நான் வேடிக்கைக்குச் சொல்லல. பொறந்த நேரம் தெரியாதவங்களுக்குப் பேரோட மொத எழுத்தை வச்சு நட்சத்திரம் குறிக்கிறது எங்க பக்கத்து வழக்கம். அதே வழக்கப்படி இந்த நாட்டு அதிபருக்கு ஒரு நட்சத்திரம், அந்த நாட்டுப் பிரதமருக்கு ஒரு நட்சத்திரம்னு குறிச்சு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டு, தினப் பொருத்தம், கணப் பொருத்தம், யோனிப் பொருத்தம்னு பத்தையும் வரிசையாப் பாத்துக்கிட்டுப் போவாரு. கடைசியில ரஜ்ஜுவுக்கு வருவாரு. ரஜ்ஜுன்னா கயிறு, தாலிக்கயிறு நிக்குமான்னு பாக்குறது. பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே ரஜ்ஜுன்னா, ரஜ்ஜு தட்டுதுன்னு எங்க ஊர்ல சம்பந்தமே பேச மாட்டாக.

"பாரு, ரெண்டு நாட்டுக்கும் ரஜ்ஜு தட்டுது. இனி சமாதானம் நிக்காது"ன்னு எங்க வீட்டுக்காரர் செல்போனை என் முகத்துக்கு நேரா நீட்டுனாக.

நான் அடுப்படியில இருந்தேன். "ரஜ்ஜு தட்டலைன்னா என்ன செய்வாக? ரெண்டு நாட்டுக்கும் முகூர்த்தம் குறிச்சு மண்டபம் பிடிச்சிருப்பாகளோ?"ன்னு கேட்டேன்.

"உனக்கு எல்லாமே எகத்தாளம்."

"எகத்தாளம் இல்லங்க, சந்தேகம். ரெண்டு பேர்ல யாரு பொண்ணு, யாரு மாப்பிள்ளை?"

செல்போனை எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாக. பொருத்தம் போக ஜோசியருக்கு எண் கணிதம் வேற. அதிபர் பேரை எழுத்தெழுத்தாப் பிச்சு எண் போட்டுக் கூட்டுவாரு. எட்டு வந்தா சனி, சண்டை. எட்டு வரலைன்னா அப்பா பேரைச் சேத்துக் கூட்டுவாரு. அப்பவும் வரலைன்னா பதவியேத்த தேதியைக் கூட்டுவாரு. எட்டு வராம அந்த மனுசன் எந்திரிக்க மாட்டாரு.

சரி, ஊர்ல ஒருத்தர் டீக்கடையில அரசியல் பேசுதாரு, ஒருத்தர் நாயோட நடக்காரு, எங்க வீட்டுக்காரர் இதைப் பாக்காக, போகட்டும்னு விட்டிருப்பேன். எங்க தொழில்தான் விடவிடல. நாங்க பேண்டேஜ் துணி போடுதோம். வீட்டுக்குப் பின்னால ஷெட்டுல தறி ஓடுது. துணியை வெளுக்கக் கொடுத்து, வாங்கி, மடிச்சு, பண்டில் கட்டி மதுரைக்கு அனுப்புவோம். அங்க இருந்து அது எங்க போகுது, யாரு காயத்தைக் கட்டுதுன்னு எங்களுக்குத் தெரியாது. இந்தப் பக்கம் பாதிப் பேருக்கு அதுதான் பொழப்பு.

ஒரு நாள் ஜோசியர் வீட்டுக்குப் போயிட்டு வந்து அவிய சொன்னாக, "பெரிய சண்டை ஒண்ணு வருது. மேற்க. இப்ப சரக்கு விக்க வேண்டாம். சேத்து வச்சா, சண்டை வந்ததும் ஆர்டர் கொட்டும்."

"யாருக்கோ கை கால் போகும்னு காத்துக்கிட்டா இருக்கப்போறீக?"ன்னு கேட்டேன்.

"நானா சண்டையை மூட்டுதேன்? கெரகம் மூட்டுது. நான் துணி வச்சிருக்கேன், அம்புட்டுதான்."

ஷெட்டுல எடம் பத்தல. முன்னறையில அடுக்குனாக. பொறவு மகளோட ரூம்ல அடுக்குனாக. அவ கட்டில் மேல, மேசை மேல, அலமாரிக் கதவைத் தொறக்க முடியாதபடி, ஜன்னலை மறைச்சு, உத்தரம் வரைக்கும் பண்டில். அந்த ரூமைத் தாண்டும்போது புதுத்துணியும் வெளுப்பு மருந்தும் கலந்த வாடை அடிக்கும். "பிள்ளை வந்தா எங்க படுப்பா?"ன்னு கேட்டேன். "அவ வாரதுக்குள்ள எல்லாம் போயிரும்"ன்னாக.

எங்களுக்கு ஒரே மக. நர்ஸ் படிச்சவ. வளைகுடாவுல ஒரு ஆஸ்பத்திரியில வேலை. அதுவும் மேற்கதான். ஜோசியர் கையை நீட்டிக் காமிக்கிற அதே மேற்க. இதை எங்க வீட்டுக்காரர் யோசிக்கவே இல்ல. அவிய மனசுல சண்டை நடக்கிற மேற்கு வேற, மக இருக்கிற மேற்கு வேற. நான் ஒரு தடவை சொல்லிப் பாத்தேன். "அவ இருக்கிற எடம் தூரம்"னாக. எம்புட்டுத் தூரம்னு கேட்டேன், தெரியல.

ரெண்டு வருசம் கழிச்சு மகளுக்கு லீவு கெடச்சது. பதினேழாந் தேதிக்கு டிக்கெட் போட்டுட்டு போன்ல சொன்னா. கூட ஒரே ரூம்ல தங்கியிருக்கிற தளவாய்புரத்துப் பொண்ணும் அதே ப்ளைட்ல வருதாளாம். எனக்குக் கால் தரையில நிக்கல. கருப்பட்டி வாங்கி வச்சேன். ரூமைக் காலி பண்ணுங்கன்னு அவியகிட்டத் தெனமும் சொல்ல ஆரம்பிச்சேன்.

அவிய ரூமைக் காலி பண்ணல. பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனாக. திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழட்டல, "பதினேழு ஆகாது. ஒண்ணும் ஏழும் எட்டு. சனியோட எண். ஆகாயப் பயணம் கூடவே கூடாதுங்காரு. இருபத்தொண்ணு போட்டா மூணு, குரு, ஒரு குறையும் வராது"ன்னாக.

அன்னைக்கு நாங்க போட்ட சண்டைக்கு யாரும் பொருத்தம் பாக்கத் தேவையில்ல. "பிள்ளை ஆசையா வாரா, நாலு நாள் முன்னாடி வாரா, அதுல உங்களுக்கு என்ன வந்துச்சு?"ன்னு கத்துனேன். "ப்ளைட்ல முந்நூறு பேர் வாராக, முந்நூறு பேருக்கும் சனியா?"ன்னு கேட்டேன். அவிய சாப்பிடாம எந்திரிச்சு, நேரா மகளுக்குப் போன் போட்டாக. பேசும்போது குரல் உடைஞ்சுபோச்சு. "அப்பாவுக்காக மாத்திக்கோ தாயி"ன்னு கெஞ்சுனாக. எனக்கு அந்தக் குரலைக் கேட்டதும் கோவம் இன்னும் கூடிப்போச்சு. மக என்கிட்ட, "விடுங்கம்மா, அப்பா மனசு சங்கடப்படும். நாலு நாள்தான"ன்னு சொல்லிட்டு டிக்கெட்டை மாத்திட்டா.

பதினேழாந் தேதி ப்ளைட் ஒரு குறையும் இல்லாம மதுரையில எறங்குச்சு. தளவாய்புரத்துப் பொண்ணு அவ வீட்டுக்குப் போய்ச் சேந்தா. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு மேற்க சண்டை மூண்டுச்சு. ஏவுகணை பறக்குதுன்னு அந்தப் பக்கத்து வானத்தையே மூடிட்டாக. ப்ளைட் எல்லாம் ரத்து. இருபத்தொண்ணு, குரு, ஒரு குறையும் வராத நாள், அதுவும் ரத்து.

இதுல ஒரு கூத்தைக் கேளுங்க. தெருவுல நாலு பேர் வந்து எங்க வீட்டுக்காரர் கையைப் பிடிச்சுக் குலுக்குனாக. "உங்க ஜோசியர் சொன்னது அச்சு அசலா நடந்துருச்சே"ன்னாக. ஒரு செத்த நேரம், ஒரே ஒரு செத்த நேரம், அவிய மூஞ்சியில ஒரு பெருமை தெரிஞ்சுச்சு. நான் பாத்தேன். பொறவு டிவியில அந்த ஊர் பேரைச் சொன்னான், மக இருக்கிற ஊர் பேரை. அவிய அப்படியே நாற்காலியில உக்காந்தாக.

மகளுக்குப் போன் உடனே கெடைக்கல. கெடச்சதும், "ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்"னா. எனக்குத் தெரியாதா அவ குரல். துருவித் துருவிக் கேட்டதும், "வானத்துல வெளிச்சம் போகுதும்மா. சத்தம் பொறவு வருது. வெளிச்சத்தைப் பாத்துட்டு சத்தத்துக்குக் காத்திருக்கோம் பாருங்க, அதுதான் ஒரு மாதிரியா இருக்கு"ன்னா. பேஷண்டைக் கட்டிலோட கீழ்த்தளத்துக்கு எறக்குறாகளாம், டியூட்டி முடிஞ்சும் யாரும் போகலையாம். போனை வச்சதும் அடுப்புல என்ன வச்சேன்னு மறந்துட்டேன். கருகுன வாடை வந்த பொறவுதான் தெரிஞ்சுச்சு.

மறுநாள் தளவாய்புரத்துப் பொண்ணு வந்தா. எங்க மக கொடுத்துவிட்ட பையைக் கொண்டுவந்தா. பேரீச்சம்பழம், எனக்கு ஒரு சால்வை, அப்பாவுக்கு வலிக்குத் தடவுற தைலம். கழுத்துல சின்னச் சிலுவை போட்டிருந்தா, நல்ல அடக்கமான பிள்ளை. எங்க முன்னறையில, பண்டிலுக்கு நடுவுல போட்ட நாற்காலியில உக்காந்து காபி குடிச்சா. "அக்காவும் நானும் சேந்துதான் பெட்டி கட்டுனோம் ஆன்ட்டி"ன்னு சொல்லும்போதே அழுதுட்டா. அவளைத் தேத்தணும், அதானே மொறை. என்னால முடியல. அவ மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா அந்த நாற்காலியில என் பிள்ளை உக்காந்திருக்கணும். அது ஒண்ணுதான் மண்டைக்குள்ள ஓடுச்சு. எங்க வீட்டுக்காரர் அந்தப் பொண்ணு முன்னால வரவே இல்ல, பின்னால ஷெட்டுல போய் நின்னுக்கிட்டாக.

அவ போனதும் நான் சேலையை மாத்திக்கிட்டு பஸ் ஏறுனேன். யார்கிட்டயும் சொல்லல. ஜோசியர் வீடு தேரடிக்குப் பக்கத்துச் சந்துல. வாசல்ல வழக்கத்தைவிட நெறைய செருப்பு கெடந்துச்சு. எல்லாரையும் தள்ளிக்கிட்டுப் போய் முன்னால உக்காந்தேன். மேசையில ஒரு பக்கம் பஞ்சாங்கம், ஒரு பக்கம் செல்போன்ல நியூஸ் ஓடுது. நியூஸைப் பாத்துப் பாத்து ஒரு தாள்ல கட்டம் போட்டுக்கிட்டிருந்தாரு.

"ஐயா, எம் பிள்ளை அங்க மாட்டிக்கிட்டா. நீங்க சொல்லித்தான் தேதி மாத்துனோம். வானத்தை எப்பத் தொறப்பாக, அதைப் பாத்துச் சொல்லுங்க"ன்னேன்.

அவர் நிமிந்து பாத்தாரு. மூஞ்சி பிரகாசமாயிருச்சு. "உங்க பொண்ணு அங்கயா இருக்கு? தெய்வம்தான் உங்களை அனுப்பியிருக்கும்மா. நான் அப்பயிலருந்து பாக்கேன், டிவிக்காரன் ஒவ்வொருத்தனும் ஒவ்வொண்ணு சொல்லுதான். பாப்பாவுக்குப் போன் போட்டு நெலவரம் எப்படின்னு கேட்டுச் சொல்லுங்களேன். சாயங்காலம் வீடியோ போடணும்"னாரு.

எனக்கு மொதல்ல சிரிப்புதான் வந்துச்சு. அப்படி ஒரு சிரிப்பு. சுத்தி உக்காந்திருந்தவுக எல்லாம் பயந்துபோய்ப் பாத்தாக. கெரகத்தைப் பாத்து உலகத்துக்குச் சொல்லுத மனுசன், என் பிள்ளையப் பாத்துக் கெரகத்துக்குச் சொல்லப்போறாரு. "ஏன்யா, சனிகிட்டக் கேக்க வேண்டியதுதான, அவன்தான் அங்க போயிருக்கானே"ன்னேன். பொறவு என்னென்ன பேசுனேன்னு எனக்கே சரியா ஞாபகம் இல்ல. உலகத்து நாட்டுக்கெல்லாம் ரஜ்ஜு பாக்கத் தெரிஞ்ச உமக்கு எம் பிள்ளை தலைக்கு மேல கத்தி தொங்குறது தெரியலையான்னு கேட்டது ஞாபகம் இருக்கு. அவர் கோவப்படல. "தாய் மனசு, பேசத்தான் செய்யும்"னு எனக்குத் திருநீறு நீட்டுனாரு. அதுதான் எனக்குத் தாங்கல. வாங்காம எந்திரிச்சு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்தா எங்க வீட்டுக்காரர் போன் பக்கத்துல உக்காந்திருக்காக. வீடியோ பாக்கல. மகளோட பேச்சுக்காக மட்டும் அந்தப் போனை வச்சிருந்தாக. "எங்க போன?"ன்னு கேக்கல. தெரிஞ்சிருக்கும். "என்ன சொன்னாரு?"ன்னு மட்டும் கேட்டாக. சொன்னேன். மூஞ்சி சுண்டிப்போச்சு. ஏசணும்னு வழி நெடுக சேத்து வச்சுக்கிட்டு வந்தேன், அந்த மூஞ்சியப் பாத்ததும் சாப்பிட்டீகளான்னுதான் கேட்டேன். அதுவும் ஒரு எரிச்சல்தான் எனக்கு.

பேண்டேஜ் ஆர்டரைக் கேக்கீகளா? ஒண்ணும் வரல. சண்டை வந்துச்சு, எல்லாரும் சொன்ன மாதிரியே வந்துச்சு. ஆனா கப்பல் ஓடலன்னு மதுரைக்காரர் வழக்கமா எடுக்கிற சரக்கையும் நிறுத்திட்டாரு. இதையும் எந்தக் கட்டத்துலயும் யாரும் பாக்கல.

ஒரு வழியா வானத்தைத் தொறந்தாக. மக போன் போட்டு, "ஏதோ ஒரு ப்ளைட்ல சீட்டு கெடச்சிருக்கும்மா, கெளம்புதேன்"னா. என்ன தேதின்னு அவளும் சொல்லல, நாங்களும் கேக்கல. அன்னைக்குக் காலையில எங்க வீட்டுக்காரர் மக ரூமுக்குள்ள போனாக. ஒத்தை ஆளா ஒவ்வொரு பண்டிலாத் தூக்கி முற்றத்துல கொண்டுவந்து போட்டாக. நான் ஒத்தாசைக்குப் போனேன், வேண்டாம்னுட்டாக. கட்டிலைத் தொடைச்சு, ஜன்னலைத் தொறந்துவிட்டாக.

மக வந்தா. எளைச்சுப்போயிருந்தா. ரூமுக்குள்ள நொழஞ்சதும் மூக்கைச் சுருக்கி, "என்னப்பா, இங்கயும் ஆஸ்பத்திரி வாடையா?"ன்னா. அவிய ஃபேனைப் போட்டுவிட்டாக. அங்க என்னத்துக்குத் துணி அடுக்கி வச்சிருந்தாகன்னு நானும் சொல்லல. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அது ஒண்ணு இன்னும் அப்படியே கெடக்கு.

நாலஞ்சு நாள்ல ஜோசியர் வீடியோ போட்டாரு. ஒரு தாய் அழுதுகிட்டே ஓடி வந்தாகளாம். அவர் திருநீறு கொடுத்தாராம். அதை வாங்கிட்டுப் போன நாள்லருந்து வானம் தொறக்க வழி பொறந்துச்சாம், ஒரு நர்ஸ் பொண்ணு பத்திரமா வீடு வந்து சேந்துச்சாம். அழுதேனாம். வாங்கினேனாம். எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. மக எங்க வீட்டுக்காரர் தோளுக்கு மேல எட்டிப் பாத்து, "அந்த நர்ஸ் நானாப்பா?"ன்னு கேட்டா. அவிய போனைக் கவுத்து வச்சாக. அன்னையிலருந்து காபி ஆறுறதில்ல.

லீவு முடியப்போகுது. போகாதன்னு சொல்லிப் பாத்தேன். "அங்க எனக்குப் பதிலா இன்னொருத்தி ரெண்டு டியூட்டி பாக்காம்மா"ன்னா. நேத்து மத்தியானம் சாப்பிட்டு எந்திரிச்சு கை தொடச்சுக்கிட்டே, "டிக்கெட் வந்துருச்சு. இந்த மாசம் இருபத்தாறு"ன்னா.

அவ அலமாரியில எதையோ எடுக்கத் திரும்பிக்கிட்டா. எங்க வீட்டுக்காரர் சோத்துல கையை வச்சபடி குனிஞ்சு உக்காந்திருந்தாக. இத்தனை வருசமா அந்தக் கணக்கைக் கேலி பண்ணுனவ நான். ஒருத்தரும் என்னைக் கேக்கல. என் மனசு தன்னால ரெண்டையும் ஆறையும் கூட்டுச்சு. நிறுத்தப் பாத்தேன், அதுக்குள்ள கூட்டி முடிச்சிருச்சு.

நிமிந்து பாத்தா அவிய என்னையவே பாத்துக்கிட்டிருக்காக. கண்ணு கலங்கிப்போய் இருந்துச்சு. சொல்லட்டுமா வேண்டாமான்னு கண்ணாலயே என்கிட்டக் கேக்குறாக. நான் வேண்டாம்னு தலையை ஆட்டுனேன். அவிய மறுபடி குனிஞ்சு சோத்தைப் பெசஞ்சாக.

"ப்ளைட் எத்தனை மணிக்கு?"ன்னு மககிட்டக் கேட்டேன். சாயங்காலம்னா. அப்படின்னா காலையில சாப்பிட்டுட்டே கெளம்பலாம்னு சொல்லிட்டு, அவியளுக்கு ரசம் ஊத்தப் போனேன்.